ஞாயித்துக்கிழமை முடியற ஏலம்

அந்தச் சேர்ல உக்காராத அம்மணி, அது வித்தாச்சு. நாளைக்குக் கொரியர்க்காரன் வந்து தூக்கிட்டுப் போயிருவான். இப்பப் போயி கைப்பிடி ஆடிச்சுன்னா வாங்குனவன் திருப்பி அனுப்பிருவான். அப்பேர்ப்பட்ட ஆளு அவன், போட்டோவுக்கு மேல போட்டோ கேட்டு உசுர எடுத்தவன். இந்தக் கட்டல்ல உக்காரு. இது இன்னும் விக்கல.

மேல ரூம் பாக்கத்தான வந்த? பாக்கலாம். அது எங்கயும் ஓடிப்போகாது. பேங்க்ல வேலைன்னு தரகர் சொன்னாரு. அவ்வளவு பெரிய ரூம் எதுக்குக் காலியாக் கெடக்குதுன்னு நீ கேப்ப. நீ கேக்காட்டியும் இந்த வீதில ஆராச்சும் சொல்லுவாங்க. பால் ஊத்தறவ ஒரு கதை சொல்லுவா, எதுத்த வூட்டு டெய்லர் ஒரு கதை சொல்லுவான். இந்த வசந்தாமணி புருசனையே ஏலத்துல வுட்டுட்டான்னு கூடச் சொல்லுவாங்க. அதுகளுக்கு வேற பொழப்பு இல்ல. நடந்தத என்ற வாயாலயே கேட்டுக்கோ.

எங்கூட்டுக்காரர் பேரு முத்துரத்தினம். கரண்ட் ஆபீஸ்ல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயரானவரு. காலம் பூரா கம்பத்துல கம்பி இழுத்து ஊருக்கே கரண்ட் குடுத்த மனுசன், வூட்டுல சேத்து வெச்சது என்னன்னு நெனைக்கற? சீமெண்ணெய் வெளக்கு. லாந்தர், பெட்ரமாக்ஸ், மாட்டுவண்டிக்கு அடியில தொங்குமே அந்த வெளக்கு, சைக்கிளுக்கு மாட்டற கார்பைடு லைட்டு, ரயில் கார்டு கையில புடிக்கற செவப்புப் பச்சைக் கண்ணாடி வெளக்கு. மேல ரூம் பூரா அதுதான். பலகை அடிச்சு வரிசையா வெச்சிருந்தாரு. பொழுதுக்கும் புளியும் சாம்பலும் போட்டு அதத் தேச்சுட்டே உக்காந்திருப்பாரு. சோறு தின்னக் கூப்பிட்டாத்தான் எறங்கி வருவாரு. எறங்கி வந்தாலும் பேச்சு இல்ல. தட்டப் பாத்துத் திம்பாரு, தின்னுட்டு மேல போயிருவாரு. சட்டை பூரா சீமெண்ணெய் நாத்தம்.

வெல தெரியாத மனுசன் அம்மணி. ஆராச்சும் வந்து, நல்லாருக்குதுங்கன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், எடுத்துக் குடுத்துருவாரு. ஒருக்கா கோயில் நோம்பிக்கு நாடகம் போட வந்தவன் பெட்ரமாக்ஸ இரவல் கேட்டான். நீங்களே வெச்சுக்கங்க, எங்கிட்ட இன்னொண்ணு இருக்குதுன்னு குடுத்துத் தாட்டி விட்டுட்டாரு. நான் கேட்டதுக்கு, "அவங்க ஊர்ல அது எரியும், இங்க சும்மாதான இருக்குது"ன்னாரு. இதெல்லாம் ஒரு பதிலா?

என்ற பொண்ணு பிரவீணா ஓசூர்ல இருக்கறா. அவதான் லீவுக்கு வந்தப்ப பழைய சாமான் விக்கற ஆப் ஒண்ண என்ற போன்ல போட்டுக் குடுத்தா. அம்மா, இதுக்கெல்லாம் வெளியில பைத்தியமா அலையறாங்கன்னு காட்டுனா. பாத்தேன். நெசமாலுமே அலையறானுக. துருப்புடிச்ச லாந்தருக்கு அடிச்சுக்கறானுக.

நான் கேக்காம ஒண்ணும் பண்ணல. அதையும் தெரிஞ்சுக்கோ. அவரு தோசை தின்னுட்டு இருந்தாரு. "மேல கெடக்கறத ஒவ்வொண்ணா வித்துப்போடட்டுங்களா"ன்னேன். கையக் கழுவிட்டு வந்து, "செரி"ன்னாரு. அவ்வளவுதான். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்றதுக்கு வாய் இல்லயா? கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து எதுக்கும் அவரு செரிதான். எங்கப்பன் குடுத்த நெலத்த விக்கறதுக்கும் செரி, பொண்ண ஓசூர்ல குடுக்கறதுக்கும் செரி, மோர் புளிச்சிருந்தாலும் செரி.

மொதல்ல ஒரு சைக்கிள் லைட்ட வெல எழுதிப் போட்டேன். காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள ஒருத்தன் வாங்கிட்டான். பேரம் கூடப் பேசல. அப்பவே தெரிஞ்சுபோச்சு, கம்மியாச் சொல்லிப்போட்டோம்னு. நாம வெல சொன்னா நம்ம புத்திக்கு எட்டுன வெலதான் கெடைக்கும். ஏலம் வுட்டா அவனவன் கிறுக்குக்கு எட்டுன வெல கெடைக்கும். அடுத்தத ஏலத்துல போட்டேன். அதுலயும் ஏமாந்தேன். செவ்வாக்கெழம காலைல முடியற மாதிரிப் போட்டுட்டேன். அந்நேரத்துக்கு ஆம்பளைக ஆபீஸ்ல குந்திட்டிருப்பானுக, மேனேஜர் எதுத்தாப்புல நிப்பான். ஒரே ஒரு வெட்டிப்பய சும்மா இருந்திருக்கறான். கேட்ட வெலைக்குத் தூக்கிட்டுப் போயிட்டான்.

அதுக்கப்பறம் நான் ஏமாறல. இதுல ஒரு கணக்கு இருக்குது அம்மணி, உனக்கும் ஒதவும், கேட்டுக்கோ. ஏலம் ஞாயித்துக்கெழம பொழுதோட முடியோணும். ஆம்பளைக கறிச்சோறு தின்னுட்டு, தூங்கி எந்திரிச்சு, நாளைக்கு வேலைக்குப் போகோணுமேன்னு நொந்துபோயிப் போனத் தடவிட்டு இருக்கற நேரம். அப்ப மனசு எதையாச்சும் வாங்கச் சொல்லும். கிரிக்கெட் மேட்ச் இருந்தா அன்னிக்கு ஆவாது, ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான். சம்பளம் போட்ட வாரமாப் பாக்கோணும். ஆடியில போடக்கூடாது, தீவாளிக்கு முந்தி போடக்கூடாது, அப்ப எல்லாக் காசும் பொண்டாட்டி கையில இருக்கும், பொம்பளைக துணிக்கடையில இருப்பாளுக. வெளக்குக்குக் கார்த்தியத் தீபத்துக்கு முந்துன வாரந்தான் நல்ல வாரம். ஏழு நாளுக்கு மேல ஏலத்த இழுக்கக்கூடாது. இழுத்தா ஆச ஆறிப்போயிரும்.

எத ஏலத்துல போடறது, எத வெல எழுதிப் போடறதுன்னும் இருக்குது. ஊர்ல எல்லாத்துக்கிட்டயும் இருக்கற லாந்தர ஏலம் போட்டா நாய் சீந்தாது. அதுக்கு வெல எழுதிரோணும். கெடைக்காத சாமானத்தான் ஏலம் போடோணும், அதுவும் அடிமட்ட வெலையில ஆரம்பிக்கோணும். வெவரங்கெட்ட மசையனுக ஒவ்வொருத்தனா வந்து ஒட்டுவானுக. ஒருத்தன் கேட்டா அது வெல. ரெண்டு பேரு கேட்டா அது ரோசம். ரோசத்துக்கு வெல கெடையாது.

எனக்கு வந்து வாச்சவனுக எல்லாம் படிச்ச மசையனுக. சேலத்துல ஒரு பல் டாக்டர். பல்லப் புடுங்கிச் சம்பாரிச்ச காசப் பூரா இதுல கொட்டுவான். அவனாச்சும் கொஞ்சம் வெவரம், கடைசி நிமிசம் வரைக்கும் மூச்சு வுடாம இருந்துட்டு அப்பறம் வந்து கேப்பான். இன்னொருத்தன் இருந்தான், அவன மாதிரி வெவரங்கெட்டவன நான் பாத்ததே இல்ல. வெளிச்சம்னு பேரு வெச்சுக்கிட்டு வருவான். நான் ஏலத்துல போட்ட மொத நாளே வந்து கேட்டுருவான். அதுவும் பெரிய வெலையாக் கேப்பான். எனக்கு இது வேணும், எனக்கு இது வேணும்னு ஊருக்கே தமுக்கடிச்சா மத்தவன் வுடுவானா? இவனே வெலைய ஏத்தி, இவனே அதுக்கு மேல கேட்டு, கடைசீல ரெட்டிப்பாக் குடுத்து வாங்குவான். ஒருக்கா ரெண்டுக்கா இல்ல, ஒவ்வொரு தடவையும். என்ற ரெட்டைக் கதவு பிரிட்ஜு இருக்குதே, உள்ள போனாப் பாரு, அதுல முக்காவாசி அந்த மசையன் காசு.

சோறு போடறப்ப எங்கூட்டுக்காரர்கிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். "இன்னிக்கும் வந்துட்டானுங்க அந்த வெளிச்சம். வண்டி வெளக்குக்கு. ஓட்டைங்க அது, அடியில ஓட்டை. அதுக்குப் போயி இந்த வெல கேக்கறான். இவனப் பெத்தவ எதத் தின்னு பெத்தாளோ"ன்னு. அவரு சோத்தப் பெசைஞ்சுட்டே இருப்பாரு. ஒரே ஒருக்காத்தான் வாயத் தொறந்தாரு. "வேணும்னு இருக்கறவன் எதுக்கு வசந்தா ஒளிஞ்சிருந்து கேக்கோணும்?"னாரு. "அதுக்குப் பேருதாங்க புத்தி, உங்களுக்குப் புரியாது"ன்னேன். "செரி"ன்னாரு.

பார்சல் கட்டறது அவரு வேல. அதச் சும்மா சொல்லக்கூடாது, நல்லாக் கட்டுவாரு. சிம்னிக்கு வைக்கோல் வெச்சு, பேப்பர் சுத்தி, பச்சக் கொழந்தைக்குத் துணி சுத்தறாப்புலக் கட்டுவாரு. மேல அட்ரஸ் நாந்தான் எழுதுவேன். வெளிச்சத்துக்கு அட்ரஸ், நாச்சிமுத்து, மாவு மில், மூலனூர். பக்கத்து ஊர்லயே இப்பிடி ஒரு கிறுக்கன் இருக்கறானேன்னு நெனைச்சுட்டு எழுதுவேன். கொரியருக்குக் காசு குடுத்து அவருகிட்டக் குடுத்தனுப்புவேன். காலைல போனா மத்தியானச் சோத்துக்குத்தான் வருவாரு. கொரியர் ஆபீஸ்ல கூட்டம்னு நெனைச்சுக்குவேன்.

அந்த நாச்சிமுத்து எங்கூட்டுக்காரரோட ஒண்ணாப் படிச்சவராமா. எங்க கல்யாணத்துக்குக் கூட வந்திருந்தாராமா. எனக்கென்ன தெரியும்? அவரு சிநேகிதக்காரங்க பேரெல்லாம் நான் எதுக்குத் தெரிஞ்சு வெச்சுக்கோணும்?

நடுவுல ஒரு நாளு அவரு மொபெட்டக் காணோம். எங்கேன்னேன். குடுத்துட்டேன், நடந்து போனா ஒடம்புக்கு நல்லதுன்னாரு. இதையும் ஓசியில ஆருக்கோ குடுத்துட்டாருன்னு நெனைச்சு நல்லாக் கேட்டுப்போட்டேன்.

அந்த ரயில் கார்டு வெளக்குத்தான் மேல இருந்ததுலயே பெரிய சாமான். அத மட்டும் நான் அவசரப்பட்டு வெளிய எடுக்கல. கார்த்தியத்துக்கு முந்துன வாரமாப் பாத்து, சம்பளம் வந்த வாரமாப் பாத்து, மேட்ச் இல்லாத ஞாயித்துக்கெழமயாப் பாத்து வெச்சேன். வூட்டுக்குப் பொறத்தால பொடக்காலியில வெச்சு, பத்த வெச்சு, அந்தச் செவப்புக் கண்ணாடி தெரியறாப்புலப் போட்டோ புடிச்சேன். பத்த வெச்சுக் குடுத்ததே அவருதான். திரியச் செரி பண்ணிட்டு, "இப்ப எடு"ன்னாரு.

ஏலம்னா அதுதான் அம்மணி ஏலம். வெளிச்சம் மொத நாளே வந்துட்டான், வழக்கம்போல. பல் டாக்டரு கடைசி நேரத்துல வந்தான். அவன் கேக்க, இவன் கேக்க, அவன் கேக்க, இவன் கேக்க, நான் இங்கதான் உக்காந்து பாத்துட்டு இருந்தேன். கடைசீல டாக்டரே வுட்டுட்டுப் போயிட்டான். வெளிச்சத்துக்கு வுழுந்தது. இனி பல்லுல காசு பத்தாது டாக்டருக்குன்னு சிரிச்சேன். எங்கூட்டுக்காரரு மேல இருந்து எறங்கி வந்து தண்ணி குடிச்சாரு. மொகமெல்லாம் வேர்த்திருந்துச்சு. மேல காத்து இல்லயாட்ட இருக்குதுன்னு நெனைச்சேன். இல்ல இல்ல, காத்து நல்லா வரும் அம்மணி, மேல ரெண்டு ஜன்னல் இருக்குது, அன்னிக்கு என்னமோ அப்பிடி.

எப்பவும் ஒடனே பணம் போடற வெளிச்சம், அந்தத் தடவ போடல. பொறுத்துப் பாத்தேன். வரல. எனக்கு வந்துச்சு கோவம். கேக்கறப்ப மட்டும் வாய் நீளும், குடுக்கறப்பக் கை மொடங்கிக்கும், இந்த மாதிரி ஆளுகள வுடவே கூடாது. பார்சலுக்கு எழுதற நம்பர எடுத்துப் போனப் போட்டேன். அந்தப் பக்கம் மாவு மில் ஓடற சத்தம்.

"நாச்சிமுத்துங்களா? வெளக்கு ஏலம் எடுத்தீங்களே, பணம் எப்பப் போடுவீங்க? வக்கில்லாதவங்க எதுக்குங்க ஏலத்துக்கு வரோணும்?"னேன்.

அவரு தன்மையாத்தான் பேசுனாரு. "கோவிச்சுக்காதீங்க அம்மணி. ரெண்டு நாள் பொறுங்க. மோதரத்த விக்கறதுக்குப் போயிருக்கறாப்புல. முத்துரத்தினத்துக்குப் பணம் வந்தா அன்னிக்கே போட்டுருவாப்புல"ன்னாரு.

"எந்த முத்துரத்தினம்?"னேன்.

மில்லுச் சத்தம் மட்டும் கேட்டுட்டே இருந்துச்சு. அப்பறம் போன வெச்சுட்டாரு.

அடுத்த நாள் அவரு வெளிய போனதும், பொறத்தாலயே பஸ் ஏறிப் போனேன். மூலனூர்ல மாவு மில்லக் கண்டுபுடிக்கறது பெரிய வேல இல்ல. முன்னால அரிசி, ராகி அரைக்கறாங்க. பொம்பளைக தூக்குப் போசியும் பையுமா வரிசையில நிக்கறாளுக. பொறத்தால பருத்தி மூட்டை போடற ரூமு ஒண்ணு. அதுல பாத்தா, அம்மணி, என்ற வூட்டு மேல் ரூம் அப்பிடியே அங்க இருக்குது. அதே மாதிரி பலகை. அதே வரிசை. எது எதுக்குப் பக்கத்துல எது இருந்துச்சோ அது அதுக்குப் பக்கத்துலயே வெச்சிருக்கறாரு. அந்த ஓட்டை வண்டி வெளக்குக்கு அடியில ஈயம் பத்த வெச்சு அடைச்சிருக்கறாரு.

நடுவுல நின்னுட்டு மனுசன் பேசறாரு. மாவு அரைக்க வந்த பொம்பளைக நாலஞ்சு பேரு சுத்தி நின்னு கேக்கறாளுக. இந்த வெளக்கு எப்பிடிக் காத்துல அணையாது, அந்தக் கார்பைடு கல்லுல தண்ணி பட்டா எப்பிடி வாயு வரும், கார்டு எதுக்குச் செவப்ப ஆட்டுவாரு, பச்சைய ஆட்டுவாருன்னு, கைய ஆட்டி ஆட்டி, ரயிலு மாதிரி ஊதிக்கூடக் காட்டறாரு. ஒருத்தி சிரிக்கறா, அவரும் சிரிக்கறாரு. அப்பிடி ஒரு வாய் அந்த மனுசனுக்கு இருக்குதுன்னே எனக்குத் தெரியாது. மாவு நெத்தியெல்லாம் ஒட்டிக்கெடக்குது, காலுக்கு நல்ல செருப்பு இல்ல, அவளுகளுக்கு முன்னால என்ன பேச்சு. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு.

என்னையப் பாத்ததும் பேச்சு நின்னு போச்சு. பொம்பளைக வெலகிப் போயிட்டாளுக.

"நம்ம வூட்டுச் சாமான நீங்களே காசு குடுத்து வாங்கியிருக்கறீங்க"ன்னேன். "மொபெட்ட வித்து. இதுக்கு என்னங்க பேரு? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தாக் குடுத்திருக்க மாட்டனா?"

"குடுத்திருப்ப வசந்தா," அப்பிடின்னாரு. "அப்பறம் ஒரு நாளு மறுபடி விக்கட்டுமான்னு கேப்ப. வெல குடுத்து வாங்கிட்டா அது எனக்குன்னு ஆயிருமல்ல. ஆரும் கேக்க மாட்டாங்க."

எப்பிடி இருக்குது பாரு நாயம். இத்தன வருசம் பேசாத மனுசன் பேசறதப் பாரு. நான் வுடல. சோத்துக்கு உக்காந்தப்ப நான் சிரிச்சனே, அப்பச் சொல்லியிருக்கலாமல்லன்னேன். "நீ அப்பத்தான் எங்கிட்ட அவ்வளவு நேரம் பேசுன. கேட்டுட்டு இருந்தேன்"னாரு.

ஏலம்னா ஒரு மொறை இருக்குது அம்மணி. புருசன்னா ஒரு மொறை, ஊரானுக்கு ஒரு மொறைன்னு வெச்சா நாளைக்கு ஆரு நம்மள நம்புவாங்க? "செரிங்க, கார்டு வெளக்கு உங்களுக்குத்தான் வுழுந்திருக்குது. வியாழக்கெழமைக்குள்ளப் பணம் போடுங்க. இல்லாட்டிப் பல் டாக்டருக்குப் போயிரும்"னுட்டு வந்துட்டேன்.

போட்டுட்டாரு. சொன்ன நாளைக்கு முன்னாலயே போட்டுட்டாரு. வெளக்க எடுத்துட்டுப் போனப்ப வெரல்ல மோதரம் இல்ல, எங்கப்பன் போட்ட மோதரம். நானும் அதப் பத்திக் கேக்கல. அவரே பார்சல் கட்டுனாரு. அன்னிக்குப் போனவரு திரும்பி வரல. மொதல்ல போன்ல மழைன்னாரு, பஸ் இல்லன்னாரு. அப்பறம் நாச்சிமுத்துவே அங்க ஒரு கட்டல் போட்டுக் குடுத்துட்டாராமா. சண்ட ஒண்ணும் இல்ல. நீ தப்பா நெனைச்சுக்காத. பென்சன் வந்தா வூட்டுச் செலவுக்குப் பாதி என்ற கணக்குக்கு வந்துருது. பிரவீணா போன் பண்ணி, ஏம்மா இப்பிடின்னு அழறா. அவளும் அப்பன மாதிரிதான், வெவரம் பத்தாது.

தை பொறந்து ஒரு நாள் வந்தாரு. மத்தியான நேரம். விருந்தாளியாட்டம் வாசல்ல நின்னு கூப்புட்டாரு. சட்டைத்துணி ரெண்டு எடுத்துக்கிட்டாரு. காபி குடுத்தேன், குடிச்சாரு. அப்பறம் சமையக்கட்டுல மேல இருக்கற அட்டாலியப் பாத்துட்டே, "அந்தச் சின்ன சிம்னி வெளக்கு இருக்குதா?"ன்னு கேட்டாரு.

அது ஒண்ணுமில்லாத சாமான் அம்மணி. தகர வெளக்கு. எங்களுக்குக் கல்யாணமான புதுசுல குடியிருந்த வூட்ல கரண்ட் கெடையாது. கரண்ட் ஆபீஸ்காரன் வூட்ல கரண்ட் இல்ல, ஊரே சிரிச்சுது. அந்த வெளக்க வெச்சுட்டுத்தான் சோறாக்குவேன், அவரு பக்கத்துல குந்திட்டு வெங்காயம் உரிச்சுக் குடுப்பாரு. அவ்வளவுதான். அதுக்கு எவன் காசு குடுப்பான்?

எடுத்துக்கங்கன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். ஆனா பாரு, நான் குடுத்தா ஒரு நாளு திருப்பிக் கேப்பேன்னு சொன்னவருதான? "ஞாயித்துக்கெழம முடியறாப்புல ஏலத்துல போடறேன். கேட்டு வாங்கிக்கங்க"ன்னேன். "செரி"ன்னுட்டு டம்ளரக் கழுவி வெச்சுட்டுப் போனாரு.

போட்டேன். சம்பள வாரம், மேட்ச் இல்ல, எல்லாம் பாத்துத்தான் போட்டேன். துடைச்சு, பத்த வெச்சு, சமையக்கட்டுலயே வெச்சுப் போட்டோ புடிச்சேன். மொத நாளே வெளிச்சம் வந்துரும்னு பாத்தேன். வரல. ஆகட்டும், புத்தி வந்துருச்சாட்ட இருக்குது, கடைசி நேரத்துல வருவாருன்னு ஞாயித்துக்கெழம பொழுதோட போனக் கையில வெச்சுட்டு உக்காந்திருந்தேன். ஒருத்தரும் கேக்கல. ஏலம் முடிஞ்சுபோச்சு.

தைப்பூசமல்ல, பழனிக்கு நடக்கறவங்க கூட்டம், மூலனூர் வழியாத்தான் போவாங்க, மில்லுல தண்ணிப்பந்தல் போட்டிருப்பாங்க, போன் பாக்க நேரம் இருந்திருக்காது. நாள் பாத்ததுல தப்பு என்றது. மாசியில மறுபடி போட்டேன். வெலையக் கொறைச்சு வேற போட்டேன். அப்பவும் ஒருத்தரும் கேக்கல. அங்க டவர் செரியாக் கெடைக்காதாட்ட இருக்குது. இப்ப மூணாவது தடவையாப் போட்டிருக்கறேன், ஆரம்ப வெல ஒரே ஒரு ரூபா. வர்ற ஞாயித்துக்கெழம முடியுது.

வா, மேல போலாம். பாத்துக்கோ, எவ்வளவு வெளிச்சம். செவுத்துல பலகை இருந்த தடம் தெரியுதேன்னு நெனைக்காத, நீ குடி வர்றதுக்குள்ள சுண்ணாம்பு அடிச்சுருவேன். இந்தச் சீமெண்ணெய் வாசம் ரெண்டு நாள் ஜன்னலத் தொறந்து வெச்சாப் போயிரும். போகாட்டியும் பழகிரும். எனக்கு இப்பெல்லாம் தெரியறதே இல்ல.

ரூம் புடிச்சிருக்குதில்ல? அப்ப ஒண்ணு பண்ணு அம்மணி. உன்ற போன எடு. அந்த ஆப்ப நானே போட்டுத் தர்றேன். அந்தச் சிம்னி வெளக்குக்கு ஒரு வெல கேட்டு வெய்யி. பத்தோ இருவதோ, எதோ ஒண்ணு, காசு நீ குடுக்க வேண்டாம், வாடகையில கழிச்சுக்கலாம். வேற ஆரோ அதக் கேக்கறாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சாப் போதும்.